காலாவதியான திட்டத்தில் பெங்களூரு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளரும் நாடுகளில் திட்டமிடல் தோற்பதற்குப் பணப் பற்றாக்குறையையே பலரும் காரணமாகச் சொல்வார்கள். பெங்களூரின் கதை வேறு. 2007-இல் ஒப்புதல் பெற்று, 2015-ஐ இலக்காகக் கொண்ட நகர வளர்ச்சிக்கான பெருந்திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் முடிந்த பின்பும் அதையே நம்பி இந்நகரம் வளர்ந்தது. 2031-க்கான வரைவு 2017-இல் வெளியாகி, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கோ 2011-இல் மாநகராட்சி எல்லைக்குள் எண்ணப்பட்ட சுமார் 84 லட்சத்தோடு நின்றுவிட்டது. அதன்பின் வர்த்தூர், ஒயிட்ஃபீல்டு பக்கம் எழுந்த அடுக்குமாடிகளுக்குக் காவிரி நீரையும் கழிவுநீர்க் குழாய்களையும் எந்த எண்ணிக்கையை வைத்து ஒதுக்குவது? (தண்ணீர் லாரிக்காரர்களிடம் இதைவிடத் துல்லியமான கணக்கு இருக்கக்கூடும்.) அடுத்த கணக்கெடுப்பின் முடிவுகளுக்காகக் காத்திராமல், மின் மற்றும் குடிநீர் இணைப்புகளைக் கொண்டு வார்டு வாரியாக ஓர் இடைக்கால மதிப்பீட்டை அரசு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர், பெங்களூரு