சோற்றைக் கவனி, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் சுஷிக் கடைக்கு நான் நான்கு தடவை வந்திருக்கிறேன். இரண்டு தடவை நீ நின்றாய், இரண்டு தடவை நிற்கவில்லை. நின்றபோதும் கத்தியும் கையுமாய் இருந்தாய். கூப்பிட்டுக் கதைக்க மனம் வரவில்லை. போன கிழமை உன் அம்மாவைச் சந்தையில் கண்டேன். "அண்ணை, சனம் கடையைப் பற்றி என்ன சொல்லுது? எங்களிட்டை ஒருத்தரும் உண்மையைச் சொல்லீனமில்லை" என்று கேட்டார். மீன் கூடைகளுக்கு நடுவில் நின்று சொல்லி முடிக்கிற காரியமா அது? அதனால் எழுதுகிறேன். முதலில் உனக்குத்தான் அனுப்பினேன். "எல்லாருக்கும் தெரியிற மாதிரிப் போடுங்கோ மாமா, கடை திறக்க நினைக்கிற மற்றப் பொடியளும் வாசிக்கட்டும்" என்றாய். அந்தத் துணிவு எனக்குப் பிடித்தது. உன் பெயரும் கடையின் பெயரும் இதில் இல்லை.

நீ ரொறன்ரோவில் ஒன்பது வருடம் பிறர் கடையில் சுஷி உருட்டிச் சேர்த்த காசை இங்கே ஏ-9 வீதியோரம் கொண்டுவந்து போட்டாய். புளிப்பூட்டிய சோற்றோடு மீனோ காயோ சேர்த்து உருட்டும் யப்பானியச் சாப்பாட்டுக்குக் கிளிநொச்சியில் ஒரு கடை வரும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. கறுப்புச் சுவர், மூங்கில் விளக்கு, நீ நின்று வேலை செய்வது எல்லாருக்கும் தெரிகிற நீள மேசை. முதல் மாதம் முகநூலைத் திறந்தால் உன் கடைத் தட்டுத்தான். வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் இன்னும் வருகிறார்கள், பாதிப்பேர் வருவதில்லை. அந்த இரண்டாவது பாதியிடம்தான் நான் அதிகம் விசாரித்தேன்.

பச்சை மீன்தான் இடறும் என்று நானும் நினைத்திருந்தேன். ஊர் முழுக்க அதே பேச்சு. "பச்சை மீனைத் தின்னக் குடுக்கிறானாம்" என்று எங்கள் ஒழுங்கையிலேயே சொன்னார்கள். ஆனால் விசாரித்தபோது பச்சை மீனைக் குறை சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்ற எல்லாரும் சொன்னது சோற்றைப் பற்றி.

என் கதையையே சொல்கிறேன். முதல் தடவை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடையில் ஆறு பேர்கூட இல்லை. நீயே உருட்டித் தந்தாய். சோறு கையில் இளஞ்சூடாக இருந்தது. ஒட்டிக்கொண்டும் இருந்தது, வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிந்தும் வந்தது. புளிப்பு மூக்கில் ஏறவில்லை. என் மாமியாருக்கு 78 வயது. ஒன்றைக் கையால் எடுத்து மென்றுவிட்டு, "இது பழஞ்சோறெல்லோ" என்றார். அதற்குமேல் ஒரு பாராட்டு அவரிடமிருந்து வராது. விடியற்காலையில் தண்ணீர்ச் சோற்றில் தயிரும் வெங்காயமும் பிசைந்து, உருட்டி, பிள்ளைகளின் கையில் ஒவ்வொன்றாக வைத்த மனுசி அவர். கையால் உருட்டிய புளித்த சோற்றை அவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டாம் தடவை ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சுவிஸிலிருந்து என் தங்கை குடும்பம் வந்திருந்தது. கடை நிறைந்து வெளியிலும் ஆட்கள். நீ இல்லை. அதே தட்டு, அதே விலை. சோறு குளிர்ந்து, இறுகி, நடுவில் மாப்போல இருந்தது. என் மச்சான் இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு போகமும் வயல் செய்கிறவர். ஒன்றை எடுத்துக் கடித்தார், மற்றதைத் தொடவில்லை. "மீன் பரவாயில்லை. சோத்தைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்றார். வெளியே வந்ததும் மற்றவர்களை விசாரித்தேன். பிறந்தநாளுக்கு வந்த ஒரு கூட்டம், பரந்தனில் கடை வைத்திருக்கும் ஒருவர், வங்கியில் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகள், எல்லாரும் வேறு வேறு வார்த்தையில் அதையே சொன்னார்கள். ஒரு சின்னப் பொடியன் மட்டும் "புளிப் புக்கை" என்று சொல்லி இன்னும் கேட்டான். அவனுக்குப் பசி.

என்ன நடந்தது என்று உன் கடைப் பொடியன் ஒருவனிடம் கேட்டேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வெள்ளி இரவே சோறு சமைத்து, வினாகிரி கலந்து, பிரிட்ஜில் வைத்தார்களாம். பழுதாகக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் சோற்றின் மாப்பொருள் மிக வேகமாக இறுகும். வினாகிரியின் புளிப்பு போதுமான அளவு இருந்தால் அன்றன்று சமைத்த சுஷிச் சோறு வெளியில் இருக்கலாம். உடம்புச் சூட்டில் இருக்கவேண்டிய சோறு அது. யப்பானில் தொழில் பழக வருபவர்களை மீன் பக்கம் விடுமுன் நெடுநாள் சோற்றிலேயே நிற்க வைப்பார்கள் என்று முதல் நாள் நீதான் எனக்குச் சொன்னாய். சுஷி என்ற சொல்லே புளிப்பூட்டிய சோற்றைக் குறிப்பது, மீன் இல்லாமலும் சுஷி உண்டு, சோறு இல்லாவிட்டால் அது சுஷியே இல்லை என்றும் சொன்னாய். சோறு இல்லாமல் வெட்டிக் கொடுக்கும் பச்சை மீனுக்குச் சஷிமி என்று வேறு பெயர். இவ்வளவும் தெரிந்த நீ, சோற்றுப் பானையை யாரிடமோ விட்டுவிட்டு மீன் கத்தியைக் கையில் வைத்திருக்கிறாய்.

நெல் விளையும் ஊரில் கடை போட்டிருக்கிறாய், தம்பி. பச்சை மீன் எங்களுக்குப் புதிது, அதனால் மன்னிப்போம். சோறு புதிதில்லை. குறுணி கூடினாலும், ஒரு கொதி குறைந்தாலும், முதல்நாள் சோறென்றாலும் இந்த மண்ணில் ஒரு குழந்தை கண்டுபிடிக்கும். எங்கள் நாட்டரிசி உதிரும், உருட்ட வராது, அதனால் நீ யப்பானியக் குட்டையரிசியைக் கொழும்பிலிருந்து விலை கொடுத்து எடுக்கிறாய். அந்தச் செலவு எல்லாம் ஒரு பிரிட்ஜுக்குள் போய்விட்டது.

இனி, எனக்கு மிகவும் நொந்த விசயம்.

ஒரு வெள்ளிக்கிழமை உன் கடைக்கு ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். தாய் வெள்ளியில் மச்சம் தொடாதவர். மகள் வெள்ளரிக்காய் றோலும் ஆனைக்கொய்யா றோலும் கேட்டாள். அதோடு ஒரு சூப் வந்தது. "இது சைவமோ?" என்று தாய் கேட்டார். "ஓம் அம்மா, சோயாதான்" என்றான் பரிமாறிய பொடியன். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். சூப்பில் கரைக்கும் மிசோ விழுது சோயாதான். ஆனால் அந்தச் சூப்பின் சாறு எதிலிருந்து எடுத்தது? சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, மரக்கட்டைபோல இறுகும்வரை காயவைத்துச் சீவிய கட்சுவோபுஷியில் எடுத்தது. எங்கள் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் அதே சூரையை அவித்து, புகையூட்டிக் காயவைப்பதுதான். அடுத்த மேசையில் இருந்த எனக்கு ஒரு கரண்டி வாயில் வைத்ததுமே மாசி மணம் தெரிந்தது. நான் சொல்வதா விடுவதா என்று யோசிப்பதற்குள் அந்தத் தாய் பாதியைக் குடித்துவிட்டார். அதன்பின் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை அது என் நெஞ்சில் கிடக்கிறது. சொல்லியிருக்க வேண்டும்.

விரதக்காரருக்கு இது சின்ன விசயமில்லை. கந்தசஷ்டிக்கும் நல்லூர்க் கொடியேற்றத்துக்கும் இங்கே எத்தனை வீடுகளில் மச்சச் சட்டி மேலே ஏறிவிடும் என்று உனக்குத் தெரியும். யப்பானியப் பௌத்த மடங்களில் மீன் இல்லாமல், கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும் சாறு எடுக்கிறார்கள். நீயும் அப்படி ஒரு பானை தனியாக வை. சைவ றோலுக்கு வேறு பலகை, வேறு கத்தி வை. மெனுவில் அதைத் தமிழில் எழுது. எழுதினால் வெள்ளிக்கிழமையிலும் உன் கடையில் ஆட்கள் இருப்பார்கள்.

மெனு என்றதும் சொல்ல வேண்டும், அது முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. படமும் இல்லை. ஒரு ஐயா பச்சை நிறக் குவியலைக் கொத்தமல்லிச் சம்பல் என்று நினைத்து அப்படியே வாயில் போட்டார். அது வாசாபி, மூக்கில் ஏறும் யப்பானியக் காரவிழுது. கண்ணும் மூக்கும் ஓட, சுற்றி இருந்த இளசுகள் சிரிக்க, அவர் காசைக் கொடுத்துவிட்டு எழும்பிப் போனார். இன்னொரு குடும்பம் அந்தக் குச்சிகளோடு இருபது நிமிடம் பட்டபாட்டைப் பார்த்தேன். பிடிசுஷியைக் கையால் எடுத்து உண்பது யப்பானிலேயே வழக்கம். அதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கையால் உண்ணும் சனத்தைக் கையைக் கட்டிப்போட்டு இருத்தியது போல இருந்தது. நிகிரி என்ற அந்தப் பிடிசுஷி பிறந்த இடம் எடோ, இன்றைய தோக்கியோ. 1820களில் ஹனாயா யோஹெய் போன்றவர்கள் அவசரத்தில் போகும் ஆட்களுக்கு உருட்டிக் கொடுத்த சாப்பாடு அது. அதைச் சாப்பிட எங்கள் சனம் கூச்சப்பட்டு இருக்க வேண்டியதே இல்லை.

விலையைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை. எட்டுத் துண்டு 2,400 ரூபா என்பது கூலிக்குப் போகிற வீட்டுக்குக் கனவு. ஆனால் அரிசியும் றோல் சுற்றும் பாசித்தாளும் கடல் கடந்து வருவதை நான் அறிவேன்.

மீனுக்கு வருகிறேன், அது என் துறை. என் அப்பா முல்லைத்தீவில் தொழிலுக்குப் போனவர், நான் கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கு எழுதிக் காலம் கழித்தவன். போன மாதம் நாயாற்றில் வாடி போட்டிருக்கும் ஒரு சம்மாட்டியை உன் கடைக்குக் கூட்டிவந்தேன். கெலவல்லா என்ற பெரிய சூரையின் துண்டை விளக்குக்குப் பிடித்துப் பார்த்தார், மணந்தார், பிறகு சாப்பிட்டார். "மீன் நல்லது. ஆனால் கரையைவிட்டு நாலு நாள்" என்றார். ருசியைப் பழிக்கவில்லை. பெரிய சூரையைக் குளிரில் சில நாள் வைத்து இளகவிட்டுத்தான் உங்கள் தொழிலில் வெட்டுவார்கள் என்று நான் சொன்னேன். அவருக்கு அது புதுமையாக இருந்தது, தலையாட்டிக் கேட்டார். பரிமாறுகிறவர்கள் அதைச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கேட்ட மறுகேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "எங்கட கடலில இவ்வளவு கிடக்க, அந்தச் செம்மீன் ஏன்?" சாமனைத்தான் சொன்னார். யப்பானிலேயே பச்சைச் சாமனைச் சுஷியில் வைப்பது 1980களில் நோர்வேக்காரர்கள் தங்கள் வளர்ப்புச் சாமனை விற்கப் பாடுபட்டதற்குப் பிறகு பரவியது. அவர்களுக்கே அது புதிது என்றால், நீ ஏன் அதைக் கட்டி அழ வேண்டும்? இறாலைச் சுஷிக்குப் பெரும்பாலும் அவித்துத்தான் வைக்கிறார்கள், விலாங்கைச் சுட்டு, முட்டையைப் பொரித்து வைக்கிறார்கள். நந்திக்கடல் இறாலை அவித்து வை. நண்டுச் சதையை வை. கணவாயை லேசாக வாட்டி வை. பச்சை மீனுக்குப் பயந்தவர்கள் அதில் தொடங்கிப் பழகுவார்கள்.

பாரையையோ விளைமீனையோ பச்சையாக வைப்பதானால் அதிலுள்ள புழுவைக் கொல்ல வழி செய்ய வேண்டும். −20 பாகை செல்சியஸில் ஏழு நாள், அல்லது −35 பாகையில் உறையவைத்து அதே குளிரில் 15 மணித்தியாலம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டி சொல்கிறது. வீட்டு டீப் பிறீசர் பெரும்பாலும் −18 அளவில்தான் நிற்கும், அதை நம்பாதே. குளத்து மீனைப் பச்சையாகத் தொடவே கூடாது. சூரை இனத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு. குளிர் விட்டால் அதில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு கூடிவிடும். பிறகு உறையவைத்தாலும் சமைத்தாலும் போகாது. கரண்ட் போய் இரண்டு மணித்தியாலம் உன் ஜெனரேற்றர் ஓடாமல் கிடந்த நாளில் அந்த மீனை எறிந்தாயா என்று உன் பொடியனிடம் கேட்டேன். எறிந்தோம் என்றான். அன்று எனக்கு உன்மேல் மரியாதை கூடியது.

நல்லதையும் கேட்டுக்கொள். அந்த வங்கிப் பிள்ளைகள் இரண்டும் சனிக்கிழமையை விட்டுவிட்டுப் புதன்கிழமைகளில் வருகிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் சம்பள நாளில் தனியாக வந்து, மேசை ஓரம் இருந்து, ஒரு தட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். "அரை மணித்தியாலம் என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்" என்றார். உன்னிடம் வேலை செய்யும் ஏழு பேரும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள். அதில் ஒரு பெண்பிள்ளை கத்தி பிடிக்கும் விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோற்றை அவளிடம் கொடு. பக்கத்தில் ஒரு மாதம் நின்று பழக்கு. சனிக்கிழமையில் மூன்று தடவையாகச் சமைக்கச் சொல், இரவுச் சோறு வேண்டாம்.

வருகிற ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு நான் முல்லைத்தீவுக் கரைக்குப் போகிறேன், அந்தச் சம்மாட்டியும் வருவார். நீயும் வா, அவளையும் கூட்டி வா. ஐஸ்பெட்டி பெரிதாகக் கொண்டு வாருங்கள். திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் சாப்பாடு. மாமியார் பழஞ்சோறு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
மாமா