பியட் அண்ணாச்சியின் பிஸ்கட் டப்பா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பையின் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரசித்துத்தான் படித்தேன். ஆனால் அதில் இரண்டு திருத்தங்கள் உண்டு. அவற்றைத் தங்களுக்கு எழுதியிருக்க வேண்டியவர் என் நண்பர். கடந்த ஆவணியில் அவர் காலமாகிவிட்டதால் நான் எழுதுகிறேன்.

முதலாவது, பத்மினி 1964இல் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அப்போது அந்தப் பெயரில் எந்தக் காரும் வரவில்லை. அந்த ஆண்டு குர்லா தொழிற்சாலையிலிருந்து வந்தது பியட் 1100 டிலைட். எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிமியர் பிரசிடென்ட் என்று பெயர் மாறி, 1974இல்தான் பிரிமியர் பத்மினி ஆனது. வண்டி ஏறக்குறைய அதேதான், பெயர்ப் பட்டைதான் வேறு. என் நண்பர் கடைசி வரை இந்த மூன்றையும் பியட் என்றே சொன்னார். அதனால் ஆன்டாப் ஹில்லிலிருந்து சயான் கோலிவாடா வரை எங்கள் ஆட்களுக்கு அவர் 'பியட் அண்ணாச்சி'.

இரண்டாவது, 'இனி மும்பையில் ஒரு பத்மினியும் ஓடாது' என்று எழுதியிருந்தீர்கள். டாக்சிதான் ஓடாது. கடைசி பத்மினி டாக்சி தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது 29 அக்டோபர் 2003 அன்று. டாக்சிக்கு 20 ஆண்டுதான் வயது வரம்பு என்பதால் 2023 அக்டோபர் 30ஆம் தேதியோடு அந்தக் கணக்கு முடிந்தது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்களின் பத்மினி இன்னும் ஓடுகிறது. அண்ணாச்சியின் வண்டியே கீழே கட்டடத்து வாசலில் துணி போர்த்தி நிற்கிறது.

திருத்தம் போதும். என் மனக்குறை வேறு. கட்டுரையோடு போட்டிருந்த படங்களில் வண்டி இருந்தது, கேட்வே இருந்தது, மழை கூட இருந்தது. ஓட்டியவர் ஒருவர்கூட இல்லை. இதைப் பார்த்திருந்தால் அண்ணாச்சி, "வண்டிய மட்டும் எடுத்தா அது கேட்லாக்கு வே, பேங்க்கு" என்றிருப்பார். நான் மும்பை கோட்டைப் பகுதியில் ஒரு வங்கியில் கிளார்க்காக இருந்தேன். நாற்பது வருடப் பழக்கத்தில் அவர் என்னை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 1968இல் தாதரில் வந்து இறங்கியவர். சயானில் ஒரு காரேஜில் எடுபிடியாகச் சேர்ந்து, வயரிங் வேலை கற்று, பிறகு தனியாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆனார். மாட்டுங்காவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு விளக்கு ரிப்பேர் செய்யப் போனவருக்கு, கூலிக்குப் பதிலாக ராத்திரியில் டார்க் ரூமைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை கிடைத்தது. கார் பைத்தியமும் கேமரா பைத்தியமும் ஒரே ஆளுக்குப் பிடித்தால் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? மதினியைக் கேட்டால் சொல்வார்கள்.

முதலில் அக்பா கிளிக் 3. அதில் வெயில், மேகம் என்று படம் போட்ட விசையைத் திருப்பிவிட்டு அமுக்க வேண்டியதுதான். பிறகு சோர் பஜாரில் பேரம் பேசி ஒரு யாஷிகா மேட் வாங்கினார். மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ், வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து கண்ணாடித் திரையில் பார்க்கும் கேமரா. காரைப் படம் எடுக்க இதைவிடச் சிறந்தது கிடையாது என்பது அவர் கட்சி. நின்று கண்ணில் வைத்து எடுத்தால் கூரையும் பானெட்டும்தான் பெரிதாக விழும், வண்டி குட்டையாகத் தெரியும். வயிற்று உயரத்தில் பிடித்தால் ஹெட்லைட் நேருக்கு நேர் பார்க்கும். ஒரே தொந்தரவு, திரையில் இடது வலது மாறித் தெரியும். நம்பர் பிளேட்டை இடம் வலமாகப் புரட்டிப் படிக்க அவர் பழகிக்கொண்டார். கடைசிக் காலத்தில் ஆம்புலன்ஸ் முன்னால் புரட்டி எழுதியிருப்பதைக்கூடச் சட்டென்று படித்துவிடுவார்.

அவரிடம் நான் கற்றுக்கொண்ட சில விஷயங்களை இங்கே சொல்லிவிடுகிறேன், இன்று போனில் கார்ப் படம் எடுக்கும் பிள்ளைகளுக்கும் உதவும். கறுப்பு கார் ஒரு கண்ணாடி. எதிர்வீடு, மின்கம்பம், படம் எடுக்கிறவன் தொந்தி எல்லாம் அதன் கதவில் தெரியும். அதனால் உச்சி வெயிலில் எடுக்கவே மாட்டார். மேகமூட்டம், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு கொஞ்ச நேரம். முன்சக்கரத்தை லேசாகத் திருப்பச் சொல்வார், டயர் ஓரம் தெரியாமல் வீல் கப் கேமராவைப் பார்க்க வேண்டும். கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை என்ற பம்பாய் டாக்சியின் நிறம் கறுப்பு-வெள்ளை பிலிமுக்கென்றே அடித்த பெயிண்ட் என்பார். மஞ்சள் அதில் வெளுப்பாக விழும், மழை நாளில் கூரைகள் மட்டும் வரிசையாக மிதப்பது போல இருக்கும்.

பிலிம் பெரும்பாலும் 'இந்து' என்ற பிராண்ட். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்தது. நம் ஊர் மலையில் செய்த பிலிமில் பம்பாயை எடுக்கிறேன் என்று அவருக்கு ஒரு பெருமை. கையில் காசு இருந்தால் கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ. ஒரு 120 ரோலில் பன்னிரண்டு படம்தான் விழும். அதனால் ஒரு டாக்சிக்கு ஒரு கிளிக், மறுமுறை கிடையாது.

ஸ்டுடியோ கைமாறிய பிறகு வீட்டுச் சமையலறைதான் டார்க் ரூம். பிலிம் கழுவும் கரைசல் 20 டிகிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டும். மே மாத பம்பாயில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுவென்று வரும். சூடு அதிகமானால் பிலிமின் மேல்பூச்சு இளகிக் கெட்டுவிடும். ஐஸ் எங்கே கிடைக்கும்? கோலிவாடா மீன் மார்க்கெட்டில். அண்ணாச்சி வீடோ சுத்த சைவம். கோலி அம்மாவிடம் சாக்கில் ஐஸ் வாங்கி வந்து, மதினி தூங்கிய பிறகு பாத்திரத்தைச் சுற்றி அடுக்குவார். நாற்றம் காலையில் காட்டிக்கொடுத்துவிடும். "உங்க அண்ணாச்சி போட்டோ எடுக்காகளா, மீனு புடிக்காகளா?" என்று மதினி என்னிடம் கேட்டதுண்டு. நான் இரண்டு கட்சிக்கும் பொது.

இத்தனையும் எதற்கு என்றால், வருஷத்தில் இரண்டு நாளுக்காக. நவமியன்று நம்மவர்களின் ஆயுத பூஜை. காரேஜ்களில் ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் சந்தனப் பொட்டு, பொரிகடலை, பூசணிக்காய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். மறுநாள் மராட்டியர்களின் தசரா. டாக்சிக்கெல்லாம் சாமந்தி மாலை, கையில் தங்கம் என்று சொல்லிக் கொடுத்துக்கொள்ளும் ஆப்டா இலை. உத்தரப் பிரதேசத்து டிரைவர்களும் அன்றைக்கு மாலை போட்டுக் குடும்பத்தோடு நிற்பார்கள். இந்த இரண்டு நாளும் அண்ணாச்சி வேலைக்குப் போக மாட்டார். மாட்டுங்கா, தாதர் டி.டி., பரேல், பைகுல்லா என்று ஸ்டாண்ட் ஸ்டாண்டாக நடப்பார், பின்னால் நான் பையைத் தூக்கிக்கொண்டு. வண்டி, டிரைவர், கூட யார் இருந்தாலும் அவர்கள், எல்லாரையும் நிற்க வைத்து ஒரு படம். பிறகு அவர்களிடம் பெயர், சொந்த ஊர், வண்டி நம்பர் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்வார். அதுதான் என் வேலை. பிரிண்ட் போட்டதும் பின்பக்கம் பென்சிலால் அதை என்னை எழுதச் சொல்லி, தீபாவளிக்குள் மறுபடி அதே ஸ்டாண்டுகளுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். காசு வாங்கியதில்லை. டீ மட்டும்.

அவருக்கென்று ஒரு கார் வந்தது ரொம்பப் பிந்தி. புது பியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலமெல்லாம் போய், மாருதி வந்து எல்லாரும் பியட்டைத் தள்ளிவிடத் தொடங்கியபோது, ஒரு பார்சி பெரியவரிடம் 1978 மாடல் வாங்கினார். கிரீம் கலர். பார்சி ஓட்டிய கார் என்றால் இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள். அந்தப் பெரியவர் பெட்ரோல் போட்ட நாள், கிலோமீட்டர் எல்லாம் எழுதிய நோட்டையும் சேர்த்துக் கொடுத்தார். அண்ணாச்சி அதையே தொடர்ந்தார். ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர், முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள சீட், முக்கோணச் சின்னக் கண்ணாடியைத் திருப்பினால் முகத்தில் காற்று. லோனாவலா போகும்போது காட் ஏற்றத்தில் பெட்ரோல் சூடாகி வண்டி நின்றுவிடும். பானெட்டைத் திறந்து, பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, வந்த வேலையே அதுதான் என்பது போலப் பள்ளத்தாக்கைப் படம் எடுக்கப் போய்விடுவார். மதினி சீட்டை விட்டு இறங்காமல் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.

2021இல் மத்திய அரசு, 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம், நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று போட்டுக்கொள்ளலாம் என்று விதி கொண்டுவந்தது. அண்ணாச்சிக்கு ஒரே குஷி. 2028இல் நம்ம வண்டிக்கு ஐம்பது, அன்றைக்கு பிளேட் மாட்டிச் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போகிறோம் என்று தேதி குறித்துவிட்டார். விதியை முழுக்கப் படித்துச் சொன்னேன்: அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு, இவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி உபயோகத்துக்குக் கூடாது. "அப்போ ரேஷன் வாங்கப் போவக்கூடாதா? எனக்கு வேண்டாம் வே அந்தப் பிளேட்டு" என்று அன்றோடு விட்டுவிட்டார்.

சரி, இந்தக் கடிதத்தின் காரியத்துக்கு வருகிறேன். அவர் வீட்டில் பீரோவுக்கு மேலே ஒரு பெரிய பிஸ்கட் டப்பா இருக்கிறது. ஈரம் உறிஞ்சும் நீல மணிகளைப் போட்டு, அவை இளஞ்சிவப்பாக மாறும்போதெல்லாம் வாணலியில் வறுத்துத் திரும்ப நீலமாக்கி, இத்தனை மழைக்காலத்திலும் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றி வைத்திருந்தார். உள்ளே இருப்பவை கொடுக்க முடியாமல் போன பிரிண்ட்கள். ஸ்டாண்ட் மாறிப்போனவர்கள், ஊருக்குப் போய்த் திரும்பாதவர்கள், வண்டியை விற்றவர்கள். அவருக்கு அது கடன் பாக்கி. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதைத்தான் பேசினார். அவர் மகன் அவற்றை உரியவர்களிடம் சேர்க்க நினைக்கிறான். தங்கள் பத்திரிகையைத்தான் மும்பைத் தமிழர்கள் வீடுகளில் படிக்கிறார்கள் என்பதால் சில அடையாளங்களைத் தருகிறேன்.

தாதர் ஸ்டேஷன் வாசல். சென்னை ரயிலில் வந்திறங்கிய ஒரு குடும்பம், கேரியரில் தகரப் பெட்டி. மீட்டர் மேல் மாலை. பின்பக்கம் 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' என்று மட்டும் இருக்கிறது. அடுத்தது தாராவி 90 அடி ரோடு. பானெட்டின் மேல் ஒரு கைக்குழந்தை, பிடித்துக்கொண்டிருப்பவர் கை மட்டும் தெரிகிறது. பின்னால் என் கையெழுத்தில் 'பெண். பெயர் இன்னும் வைக்கவில்லை.' அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பதைத் தாண்டியிருக்கும். இன்னொன்று, குர்லா தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் முடிந்து வரும் நாலு பேர், அதில் இரண்டு பேர் தூத்துக்குடிக்காரர்கள். செம்பூரில் ஒரு காரேஜ், ஆயுத பூஜை, பூசணிக்காயை உடைக்க ஓங்கியபடி ஒரு பையன், முதலாளி காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். இப்படி இன்னும் பல. தம்முடையது என்று நினைப்பவர்கள் தங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால், மகன் தொடர்புகொள்வான். எந்தக் கட்டணமும் இல்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 2023 தசரா அக்டோபர் 24ஆம் தேதி வந்தது. பத்மினி டாக்சிக்கு அதுதான் கடைசி தசரா, அதற்குப் பின் ஆறே நாள். டபுள் டெக்கர் டீசல் பஸ்ஸையும் அதற்கு முந்தின மாதம்தான் நிறுத்தியிருந்தார்கள். எப்படியாவது ஒரு பத்மினி டாக்சியை மாலையோடு பார்த்துவிட வேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதம் பிடித்து, தன் வண்டியிலேயே என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கிங்ஸ் சர்க்கிள், தாதர், லால்பாக், எங்கும் கிடைக்கவில்லை. எல்லாம் வேகன்ஆரும் சான்ட்ரோவும். பைகுல்லாவில் ராணி பாக் அருகே ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினோம். அங்கிருந்த இளவட்டங்கள் பத்மினியைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டு, தங்களிடம் மீந்திருந்த சாமந்தி மாலையை அதன் பானெட்டில் போட்டு, அண்ணாச்சியையும் பக்கத்தில் நிற்க வைத்துப் போனில் படம் எடுத்தார்கள். வாழ்நாள் முழுவதும் கேமராவுக்கு முன்னால் வர மாட்டேன் என்று முரண்டு பிடித்த மனிதர், அன்றைக்கு முன்சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டு வந்து நின்றார்.

வண்டியோடு அவர் இருக்கும் படம் வேறு எதுவும் வீட்டில் இல்லை. அந்தப் பையன்களின் பெயரை அன்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் தமிழர்கள் இல்லை, பேச்சு பிகார் பக்கம் போல இருந்தது. பைகுல்லா பக்கம் டாக்சி ஓட்டும் நம்மவர்கள் யாராவது இதைப் படித்தால், கிரீம் கலர் பத்மினி, வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட பெரியவர் என்று சொல்லி ஸ்டாண்டில் விசாரித்துப் பாருங்கள். படம் யாருடைய போனிலாவது இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். மதினி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
ஆன்டாப் ஹில், மும்பை.