குடல் அடைப்புக்குப் பேதி மருந்து தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சினைப்பைப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவது பற்றி நம் நாளிதழ்கள் அடிக்கடி எழுதுகின்றன; நல்லதுதான். ஆனால், சிகிச்சை முடிந்து நோய் திரும்பும்போது குடலுக்கு என்ன நேரக்கூடும் என்பது தமிழில் அதிகம் எழுதப்படுவதில்லை.

திரும்பிய புற்று பெரும்பாலும் வயிற்றறையின் உள்ளுறையில் சிறு சிறு கட்டிகளாகப் படர்ந்து, குடலைப் பல இடங்களில் நெரிக்கிறது. வயிறு உப்பி, விட்டுவிட்டு முறுக்கி வலித்து, வாந்தியும் வந்து, மலமும் காற்றும் வெளியேறாமல் நின்றுபோனால், அது அடைப்பாக இருக்கலாம். வீட்டாரோ மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுத்துவிடுகிறார்கள். வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்களுக்கு உண்மையிலேயே மலச்சிக்கல் வருவதால், வீட்டாரைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் முழு அடைப்பில் குடலைத் தூண்டும் மருந்து வலியைக் கூட்டும். குடலில் துளை விழும் ஆபத்தும் உண்டு. வாந்திக்கு வழக்கமாகத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடும் அப்போது தவிர்க்கப்பட வேண்டியதே.

மருத்துவமனையில் மூக்கு வழியே குழாய் செலுத்தி இரைப்பையை வடிப்பார்கள். இரத்தக்குழாய் வழியே நீர் ஏற்றுவார்கள். குடல் வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோனும், சுரப்பைக் குறைக்க ஆக்ட்ரியோடைடும் தரப்படுவதுண்டு. அடைப்பு ஓரிடத்தில் மட்டும் இருந்து, நோயாளியின் உடலும் தாங்குமானால், அப்பகுதியை அகற்றுவதோ, மாற்றுப்பாதை அமைப்பதோ, மலம் வெளியேற வயிற்றில் திறப்பு (மலவாய்) வைப்பதோ, பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் அடைப்பை விரித்துவைக்கும் ஸ்டென்ட் குழாயைப் பொருத்துவதோ இயலும். பல இடங்களில் அடைத்திருந்தால் அறுவையால் நன்மையைவிடத் துன்பமே மிகுதியாகலாம்.

“அறுவை வேண்டாம்” என்று மருத்துவர் சொன்னதும், கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பத்தார் கலங்குவதைப் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். அது சரியன்று. வயிற்றுச் சுவர் வழியே இரைப்பைக்கு ஒரு வடிகுழாய் வைத்தால் வாந்தி தணிந்து, மூக்குக் குழாயையும் எடுத்துவிடலாம்; ருசிக்காக இரண்டு மிடறு தேநீரும் பருகலாம். இந்த நிலையில் அந்தத் தேநீர் சிறிய விஷயமல்ல.

நம் மலேசியாவில் 2019 முதல் 2030 வரைக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கை, அதாவது கடும் நோயின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பராமரிப்புக்கான கொள்கை, உள்ளது. 1991-இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கில் இல்லம் தேடிச் சென்று உதவுகிறது. எனினும் அப்பராமரிப்பைக் கடைசி வாரத்துக்குரியது என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் மாறவில்லை. நோய் திரும்பியது தெரிந்த உடனேயே அக்குழுவிடம் நோயாளியை அனுப்ப வேண்டும். வீடு திரும்பும்போது மேற்சொன்ன அறிகுறிகளும், எந்நேரமும் அழைக்கக்கூடிய தொலைபேசி எண்ணும் தமிழில் அச்சிட்ட ஒரு தாளை அவர் கையில் கொடுக்குமாறு மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
செந்தூல், கோலாலம்பூர்