தேக்கு என்றீர்கள், ரப்பர் மரம் வந்தது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். பிப்ரவரி கடைசியில் உங்கள் இணையக் கடையில் சாப்பாட்டு மேசைக்கு ஆறு நாற்காலிகள் வாங்கினேன். ‘சண்டிகர் நாற்காலி’ என்று போட்டு விற்கிறீர்களே, கவிழ்த்த வி மாதிரிக் காலும் பிரம்பு இருக்கையும் உள்ளது, அதுதான். ஒன்று 18,500 ரூபாய், ஆறுக்கு 1,11,000, லாரி வாடகை தனியாக 4,800. ஆறு மாதம் ஆவதற்குள் ஒன்று கால் பிரிந்து கிடக்கிறது, மூன்றில் இருக்கை தொய்ந்துவிட்டது, மீதி இரண்டின் காலடியில் தினமும் காலையில் மாவு மாதிரித் தூள் கொட்டிக் கிடக்கிறது. போனில் மூன்று முறை சொன்னேன், இரண்டு முறை போட்டோவோடு மெயில் அனுப்பினேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கடைசியாக வந்த பதிலில், கடலோர ஈரப்பதத்தால் இயற்கையான மரத்தில் ஏற்படும் மாற்றம் இது, வாரண்டியில் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆடி அமாவாசை அன்று மத்தியானம் அம்மா சாப்பிட உட்கார்ந்தார். வயது 74. உட்கார்ந்து இலையை இழுத்துப் போட்டவர் அப்படியே இடது பக்கமாகச் சாய்ந்தார், ‘டக்’ என்று ஒரு சத்தம், பின்கால் சட்டத்திலிருந்து பிரிந்து தனியாக வந்துவிட்டது. தம்பி மனைவி பரிமாறிக்கொண்டு பக்கத்திலேயே நின்றதால் தோளைப் பிடித்துக்கொண்டாள், இல்லையென்றால் அம்மாவின் தலை சுவரில் மோதியிருக்கும். அன்றிலிருந்து அம்மா அந்த நாற்காலிகளில் உட்காருவதில்லை, பழைய பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

இந்த நாற்காலியை நான் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கவில்லை. தம்பி ராணுவத்தில் இருக்கிறான். 2018இல் அவன் சண்டிகர் பக்கத்து ராணுவ முகாமான சண்டி மந்திரில் இருந்தபோது பத்து நாள் போயிருந்தோம். சண்டிகர் செக்டர் 5இல் கட்டடக் கலைஞர் பியர் ஜானரே குடியிருந்த 57ஆம் எண் வீட்டை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் லெ கார்புசியே அந்த நகரத்துக்குத் திட்டம் போட்டுவிட்டு வந்து வந்து போனார், கூட இருந்து கட்டியது அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரான ஜானரேதான். 1951இல் வந்தவர், உடம்பு முடியாமல் 1965இல் ஊர் திரும்பும்வரை அங்கேயே இருந்தார். 1967இல் இறந்த பிறகு, அவர் ஆசைப்படி அஸ்தியை சுக்னா ஏரியில் கரைத்தார்கள். புது நகரத்தின் செயலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம், குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலி மேசை வேண்டியிருந்தது. அவரும் யூலி சௌத்ரி போன்ற நம் நாட்டுக் கட்டடக் கலைஞர்களும் வரைந்து கொடுக்க, அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் தச்சர்கள் தேக்கில் செய்தார்கள், இருக்கையைப் பிரம்பில் பின்னினார்கள். அந்த வீட்டில் நாற்காலி ஒன்றின் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். தொடக் கூடாது என்பதால் குனிந்து பார்த்தேன். காலும் சட்டமும் சேரும் இடம் கொஞ்சம் கோணலாக, கையால் செய்தது தெரிகிற மாதிரி இருந்தது. அறுபது வருஷம் ஆகியும் அது அசையாமல் நிற்கிறது.

எங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம். மூன்று வருஷம் சிறுகச் சிறுகக் கட்டினோம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய கட்டடங்களைப் பார்த்து, நடுவில் இடைவெளி விட்டு அடுக்கும் ‘எலிப்பொறி’ முறையில் செங்கல் வைத்து, உள்சுவருக்குப் பூச்சு பூசாமல் விட்டிருக்கிறோம். அந்தச் செங்கல் சுவருக்கு முன்னால் எந்த நாற்காலி நிற்கும் என்று யோசித்தபோது செக்டர் 5 வீட்டில் பார்த்ததுதான் ஞாபகம் வந்தது. உங்கள் இணையப் பக்கத்தில் ‘நன்கு பதப்பட்ட தேக்கு, கையால் பின்னிய அசல் பிரம்பு’ என்று இருந்தது. பில்லிலும் ‘தேக்கு’ என்றுதான் அச்சாகியிருக்கிறது, இரண்டின் நகலும் இணைத்திருக்கிறேன். போன வருஷம் உங்களிடம் வாங்கிய மூங்கில் கம்பி வைத்த காகித விளக்கு இன்றும் கூடத்தில் நன்றாகவே எரிகிறது, அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு பெரிய தொகையை முன்பணமாகவே கட்டினேன்.

முதலில் தொய்ந்தது இருக்கை. ஏப்ரலிலேயே நடுவில் குழி விழுந்தது. அம்மா, பிரம்புதானே, தலைகீழாகக் கவிழ்த்து ஈரத்துணி போட்டு வை, காயும்போது தானே இறுகிவிடும் என்றார். அது உண்மை. அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அங்கே நாற்காலி பின்ன ஒரு அண்ணன் வருவார், அவருக்குக் கண் தெரியாது. வராந்தாவில் சாக்கை விரித்து உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்ட பிரம்பு நாரை ஒவ்வொன்றாக எடுத்து, பளபளப்பான முதுகு எந்தப் பக்கம் என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டையில் விடுவார். முன்னும் பின்னுமாக ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, மறுபடியும் அதே மாதிரி, அப்புறம் கோணலாக இரண்டு. நார் நழுவாமல் இருக்க ஓட்டையில் சின்ன மரக்குச்சியைச் செருகி வைப்பார், ஓட்டைக்கு ஓட்டை அந்தக் குச்சி இடம் மாறிக்கொண்டே போகும். கடைசியில் ஓரத்துக்கு ஒரு பட்டை நார் வைத்துக் கட்டினால் முடிந்தது. காய்ந்த பிறகு விரலால் சுண்டினால் ‘டொம்’ என்று சத்தம் வரும். ஒரு நாற்காலிக்கு இரண்டு நாளாவது ஆகும். அவருடைய விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியே இருக்கும்.

அந்த ஞாபகத்தில் உங்கள் நாற்காலியைக் கவிழ்த்து ஈரத்துணி போட்டேன். ஒரு ராத்திரி முழுவதும் கிடந்தும் நார் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, துணியை எடுத்தால் தாமரை இலை மேல் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றது. ஓரத்தில் அறுந்திருந்த ஒரு துண்டை எடுத்து விளக்கில் காட்டினேன். பிரம்பாக இருந்தால் கருகிச் சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, கறுப்புப் புகையோடு மணியாகத் தரையில் சொட்டியது. பிளாஸ்டிக். அடிப்பக்கம் பார்த்தால் முன்னால் தெரிகிற ஓட்டைகள் எதுவும் பின்னால் வரவே இல்லை, பார்வைக்குக் கால் அங்குலம் துளைத்து விட்டிருக்கிறார்கள். மெஷினில் நெய்த பாயை வெட்டி, ஓரத்தைச் சட்டத்தில் கிழித்த பள்ளத்தில் பசை போட்டு அமுக்கி, போதாததற்கு ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறார்கள். ஒரு நாற்காலியில் மட்டும் 46 பின் எண்ணினேன். ‘கையால் பின்னியது’ என்று எழுதியவர் இந்த நாற்காலியை ஒருமுறையாவது கவிழ்த்துப் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அடுத்தது மரம். கால் பிரிந்த மறுநாள் எங்கள் வீட்டுக் கதவு ஜன்னல் செய்த ஆசாரியை வரச் சொன்னேன். அவர் உளியால் காலின் அடியை ஒரே ஒரு சீவல் சீவினார். மேலே தேக்கு நிறத்தில் பூசிய சாயம் காகிதக் கனத்துக்குக்கூட இல்லை, உள்ளே வெளுத்த கிரீம் நிறம். முகர்ந்து பார்க்கக் கொடுத்தார். தேக்குக்கு ஒரு எண்ணெய் வாசனை உண்டு, தோல் மாதிரி இருக்கும், எத்தனை வருஷம் ஆனாலும் புதிதாகச் சீவினால் வரும். இதில் எதுவும் இல்லை. “ரப்பர்” என்றார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும், குமரி மாவட்டத்தில் பிறந்தவர்களிடம் ரப்பர் மரத்தைத் தேக்கு என்று சொல்லி ஏமாற்ற முடியாது. எங்கள் குடும்பத்துக்கே ஒரு ஏக்கர் ரப்பர் இருந்தது. இருபத்தைந்து முப்பது வருஷம் பால் வெட்டி, பால் குறைந்ததும் மரத்தை வெட்டி விற்போம், அந்தப் பணத்தில்தான் அக்காவின் கல்யாணம் நடந்தது. அந்த மரத்தை நான் மட்டமாகப் பேச மாட்டேன். வெட்டிய சூட்டோடு போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் முறையாகக் காயவைத்தால் நல்ல சாமான் ஆகும். அப்படிச் செய்யாமல் விட்டால் நாலைந்து நாளில் நீலப் பூஞ்சை ஏறும், மாவுச்சத்து நிறைந்த மரம் என்பதால் வண்டு துளைக்கும். என் நாற்காலியின் காலடியில் தினமும் கொட்டுவது அந்த உளுத்தூள்தான். காலில் குண்டூசி போகிற அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள், போட்டோவில் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஈரப்பதத்தால் மரம் உப்பும், சுருங்கும், ஆனால் மாவாகக் கொட்டாது.

பிரிந்த காலையும் பாருங்கள். நாக்கு செதுக்கித் துளையில் இறக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் கனத்தில் இரண்டு குச்சி, ஒரு திருகாணி, அவ்வளவுதான். சாய்ந்து நிற்கிற கால் அது, உட்காருபவரின் எடை முழுவதும் அந்த மூட்டில்தான் இறங்கும்.

ஈரப்பதம் என்று நீங்கள் சொன்னதற்கு வருகிறேன். சண்டிகரில் மே மாதம் 40 டிகிரிக்கு மேல் போகும், ஜூலையில் மழைக்காலப் புழுக்கம், ஜனவரியில் பல் கிட்டும் குளிர். அந்த ஊருக்குத்தான் இந்த நாற்காலியை யோசித்தார்கள். தேக்கில் கறையான் எளிதில் ஏறாது, வெயிலுக்கும் மழைக்கும் அதிகம் உப்பிச் சுருங்காது. பிரம்பில் காற்று போகும், வியர்த்த முதுகு ஒட்டாது. வடிவம் அழகாக இருப்பதற்குக் காரணமே இந்த யோசனைதான். காரணங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உருவத்தை மட்டும் செய்து அனுப்பிவிட்டு, எங்கள் ஊர்க் காற்றின் மேல் பழி போடுகிறீர்கள். என் பாட்டி வீட்டுத் தேக்குக் கட்டில் இதே ஈரக்காற்றில் மூன்று தலைமுறையாகக் கிடக்கிறது.

நகல் செய்தீர்கள் என்பது என் புகார் இல்லை. அந்த நாற்காலி முதலிலேயே பல பட்டறைகளில், பல கைகளில், கொஞ்சம் கொஞ்சம் மாறி மாறிச் செய்யப்பட்டதுதான். இன்று நம் ஊர்த் தச்சர் ஒருவர் அதைப் பார்த்து நல்ல மரத்தில் செய்தால் நான் சந்தோஷமாக வாங்குவேன். அசலுக்கு என்ன ஆனது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். உடைந்ததையும் பழையதையும் ஆபீஸ் மொட்டை மாடியில் குவித்து, கழிவுச் சாமானாக ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிக்கொண்டு போய்ப் பழுது பார்த்து பாரிஸிலும் நியூயார்க்கிலும் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டுத் தடை போட்ட பிறகுதான் மிச்சத்தைக் கணக்கெடுத்துப் பாதுகாக்க ஆரம்பித்தார்கள். இப்படியெல்லாம் அடிபட்ட பொருளின் பெயரைச் சொல்லி விற்கும்போது கொஞ்சம் பயபக்தி வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எழுதும்போதே கை நடுங்குகிறது. அசல் நாற்காலிகளின் பின்னால் எந்த ஆபீஸ், எத்தனையாவது சாமான் என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அப்பாவின் ஆபீஸ் நாற்காலிகளிலும் அதே மாதிரி நம்பர் இருந்தது. நீங்கள் அனுப்பிய ஆறின் முதுகிலும் ஒரு எழுத்தும் நம்பரும் வெள்ளையில் அச்சடித்திருக்கிறது, ஆறிலும் ஒரே நம்பர், வேண்டுமென்றே தேய்த்துப் பழசு பண்ணியது. எந்த ஆபீஸிலும் இருந்திராத நாற்காலிக்கு எதற்கு அந்த நம்பர்? வீட்டுக்கு வந்த தம்பியின் நண்பர் அதைப் பார்த்துவிட்டு, அரசாங்கச் சொத்தை எப்படி வாங்கினீர்கள் என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆறு நாற்காலியையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, லாரி வாடகையும் சேர்த்து 1,15,800 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். மாற்று நாற்காலி வேண்டாம், கூப்பன் வேண்டாம். உங்கள் பக்கத்தில் ‘தேக்கு’, ‘கையால் பின்னிய பிரம்பு’ என்ற சொற்களை எடுத்துவிட்டு ரப்பர் மரம், பிளாஸ்டிக் என்று எழுதுங்கள், அந்தப் போலி நம்பர் அடிப்பதை நிறுத்துங்கள். இதே நாற்காலியை வாங்கிய மற்றவர்களுக்கும் மூட்டு பலமில்லை என்று தகவல் சொல்லுங்கள், அவர்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருப்பார்கள்.

2020ஆம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி உங்கள் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதுவரை காத்திருப்பேன். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. ஆசாரி சீவிய துண்டு, உருகிய நார், பிடுங்கிய பின்கள் எல்லாவற்றையும் தேதி எழுதிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

எடுத்துப் போக வண்டி அனுப்பினால் முந்தின நாளே போன் பண்ணச் சொல்லுங்கள். எங்கள் தெருவுக்குள் பெரிய லாரி திரும்பாது, முக்கில் நிறுத்தித்தான் தூக்கிப் போக வேண்டும். ஐந்து நாற்காலி வராந்தாவில் இருக்கிறது, உளு மற்ற சாமானுக்குப் பரவக் கூடாது என்று வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன். ஆறாவது நாற்காலியைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
மார்த்தாண்டம்