முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டு வருடப் பொதுக் கல்லூரியில் இரண்டு வருடம், பிறகு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தால் செலவு வெகுவாகக் குறையும் என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பேசிக்கொள்வது உண்மைதான். ஆனால் எஞ்சினியரிங் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு சரியாக வர, முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் (நுண்கணிதம்) 1 எடுத்தாக வேண்டும். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

கால்குலஸ் 1, 2, 3, அதன்பின் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், லீனியர் ஆல்ஜீப்ரா என்று கணக்குப் பாடங்களுக்கே நான்கு செமஸ்டர் ஓடிவிடும். ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் சேர விடமாட்டார்கள். இயற்பியலில் மெக்கானிக்ஸுக்குக் கால்குலஸ் 1 வேண்டும். மின்னியல்-காந்தவியலுக்கு மெக்கானிக்ஸ் வேண்டும். மின்சுற்றுகள் பற்றிய சர்க்யூட்ஸ் பாடம் அதற்கும் பிறகுதான். சிறிய கல்லூரிகளில் சர்க்யூட்ஸ், ஸ்டாட்டிக்ஸ் போன்றவை வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். கால்குலஸுக்கு முந்தைய ஆயத்தப் பாடமான ப்ரீகால்குலஸில் தொடங்கினால் எல்லாமே ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள், வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் மாணவர்களைப் பெரும்பாலும் இலையுதிர் பருவத்தில்தான் சேர்ப்பதால், அந்த அரை வருடத் தாமதம் முழு வருடமாகிவிடும். இதைத் தவிர்க்க, கல்லூரி தொடங்கும் முதல் ஆகஸ்டுக்கு முந்தைய கோடையிலேயே ப்ரீகால்குலஸை முடித்துவிடுவது நல்லது.

பல்கலைக்கழகத்துக்கு மாற, பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்டான யூனிட் அறுபது சேர்ந்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது குறைந்தபட்ச நிபந்தனை மட்டுமே. வரலாறு, கலை, சமூகவியல் என்று பொதுப் பாடங்களை முதலில் முடித்துவிட்டுக் கணக்கைத் தள்ளிப்போடும் பிள்ளை, அறுபது யூனிட்டோடும் எஞ்சினியரிங்குக்குத் தகுதியில்லாமல் நிற்கும். ஆங்கிலக் கட்டுரைப் பாடங்கள் இரண்டையும் விடக்கூடாது. மற்ற பொதுப் பாடங்கள் கணக்குக்கும் இயற்பியலுக்கும் பிறகுதான்.

அசிஸ்ட் என்ற அரசு இணையதளத்தில் கல்லூரி, பல்கலைக்கழகம், பிரிவு மூன்றையும் தேர்ந்தெடுத்தால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்ற ஒப்பந்தம் கிடைக்கும். நான்கைந்து வளாகங்களின் ஒப்பந்தங்களை முதல் செமஸ்டரிலேயே அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வளாகம் சி++ கேட்கும், இன்னொன்று வேறு மொழி கேட்கும். இயற்பியல் வரிசையைப் பாதியில் விட்டு வேறு கல்லூரியில் தொடர்ந்தால் பாடங்கள் ஒத்துப்போகாமல் போகலாம்.

மதிப்பெண் விஷயத்திலும் ஒரு வலை இருக்கிறது. டி அல்லது எஃப் வாங்கிய பாடத்தை மறுபடி எடுக்கலாம். சி வாங்கினால் பொதுவாக எடுக்க முடியாது. கால்குலஸ் 2-இல் சி வரும் என்று தெரிந்தால், விலகுவதற்கான கடைசித் தேதிக்கு முன்பே ஆலோசகரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். விலகினாலும் சங்கிலி ஒரு செமஸ்டர் நீளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

யூசியின் இட உறுதித் திட்டமான டாக் (TAG) விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டுமே, அதுவும் ஒரே ஒரு வளாகத்துக்கு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் இதில் இல்லை. சான்டா பார்பரா வளாகம் இத்திட்டத்தில் இருந்தும் அதன் எஞ்சினியரிங் கல்லூரி இல்லை. யூசிக்கான வழக்கமான சேர்க்கை விண்ணப்பத்தை அனுப்பியபின், இலையுதிர்ப் பருவ மதிப்பெண்களை ஜனவரி 31-க்குள் இணையத்தில் பதியவும் வேண்டும். இதை மறந்தால் நல்ல மாணவரின் விண்ணப்பமும் பாதிக்கப்படும்.

வெளிநாட்டுக் கல்வி பற்றி எழுதும்போது, பாட வரிசை அட்டவணை ஒன்றையும் தங்கள் கல்விப் பக்கத்தில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா