அல்டடீனாவை விட்டுட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம். கிறிஸ்துமஸ் லைட்டிங் பத்தின கட்டுரைல நியூயார்க் மட்டும்தான் இருந்துச்சு, ஆனா தெரு முழுக்க லைட்டு போடுற பழக்கம் எப்படி வந்துச்சுன்னு பேசுறப்ப கலிஃபோர்னியா அல்டடீனாவை விட முடியாதுங்க. அங்க சாண்டா ரோசா அவென்யூல ரெண்டு பக்கமும் நிக்கிறது நம்ம இமயமலை தேவதாரு. ஜான் வுட்பரின்னு ஒருத்தர் இத்தாலில இருந்து விதை கொண்டாந்து, கட்டப்போற பங்களாவுக்குப் பாதையா இருக்கட்டும்னு 1885ல நட்டாரு, பங்களா கடைசி வரைக்கும் வரல, மரம் மட்டும் வளர்ந்து நின்னுடுச்சு. 1920ல பாசடீனா கடைக்காரர் ஃபிரெடரிக் நாஷ் முன்ன நின்னு முதல் தடவையா லைட்டு போட வச்சாரு.

எனக்கு ரொம்பப் புடிச்சது என்னன்னா, இன்னிக்கும் வாலண்டியருங்கதான் வாரக்கணக்குல வந்து கயித்தைப் பிடிச்சு லைட்டு சரத்தை உச்சிக்கு இழுத்து மாட்டுறாங்க. பார்க்க வர்ற காருங்க ஹெட்லைட்டை அணைச்சுட்டு மெதுவா ஊர்ந்து போகும். 2025 ஜனவரி ஈட்டன்னு சொல்ற காட்டுத்தீயில அந்த ஊர்ல ஆயிரக்கணக்குல வீடுங்க எரிஞ்சுபோச்சு, இந்த மரங்க பெரும்பாலும் தப்பிச்சுது. அந்த வாலண்டியருங்களைப் பத்தி வர்ற டிசம்பர்ல ஒரு பக்கம் போடுங்க சார்.

– வாசகி, திருநெல்வேலி