மயோர்க்காவின் மலை அணைகளும் நம் புழல் கரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். கடற்கரை, கடற்கரையில் குடை, ராத்திரி விருந்து, மறுபடியும் கடற்கரை. மெரினாவையும் பெசன்ட் நகரையும் வைத்திருக்கிற ஊர்க்காரன் அவ்வளவு பணம் கட்டிப் பறந்துபோய் மணலில்தான் உட்கார வேண்டுமா? அந்தத் தீவில் நான் பார்த்ததிலேயே சிறந்தது மலைமேல் இருக்கிற இரண்டு குடிநீர் அணைகள். கட்டுரையில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் மகளும் மாப்பிள்ளையும் பார்சிலோனாவில் இருக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் நானும் என் மனைவியும் ஏப்ரலில் அந்தத் தீவுக்குப் போனோம். தீவின் வடமேற்கு ஓரம் முழுக்க ட்ரமுந்தானா என்ற சுண்ணாம்புப் பாறை மலைத்தொடர். 2011-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெறும் மலைக்காக அல்ல. அந்த மலையில் மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கிய கல் வரப்புகள், படிக்கட்டு வயல்கள், வாய்க்கால்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அதன் நடுவில், தீவின் மிக உயரமான சிகரமான புச் மஜோரின் காலடியில் இருக்கின்றன கூபெர், கோர்க் பிளாவ் என்ற அந்த அணைகள். 1970-களின் தொடக்கத்தில் கட்டியவை. தலைநகர் பால்மாவுக்குக் குடிநீர் தருகின்றன. இரண்டையும் சேர்த்தாலும் அரை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வராது. சென்னைக்குக் குடிநீர் தரும் நம் புழல் ஏரி மட்டுமே 3.3 டி.எம்.சி. இத்தனை சின்ன அணைக்காக ஒரு நாளைச் செலவழிப்பதா என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

கூபெரில் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் நீர்ப்பரப்பைச் சுற்றி ஒரு பாதை. ஏறக்குறைய சமதளம். மூட்டுவலிக்காரியான என் மனைவி யார் கையையும் பிடிக்காமல் முழுச் சுற்றும் வந்தாள். கடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, டீகூடக் கிடையாது (இது ஒன்றுதான் எனக்குக் குறை). ஆடுகள் கழுத்து மணியோடு பாதைக்குக் குறுக்கே நிற்கும், நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். தலைக்கு மேலே சாம்பல் நிறப் பாறை, அதன் உச்சியில் ராணுவ ரேடாரின் வெள்ளைக் குமிழ். அங்கே பொதுமக்கள் ஏற முடியாது. எதிர்ப்பக்கம் லோஃப்ரே என்ற கூம்பு மலை. அதன் கணவாயைத் தாண்டினால் கல் பாவிய பழைய பாதை ஒன்று பினியராய்ச் கிராமம் வழியாக சோயெர் ஊருக்கு இறங்குகிறது. மாப்பிள்ளை அந்த வழியாகப் போய்விட்டார். மகள் எங்களைக் காரில் கொண்டுபோய் அவரைக் கீழே பிடித்தாள். அங்கங்கே இருக்கும் சுவர்களில் சிமெண்ட்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கல்லைக் கல் தாங்கி நிற்கிறது. இந்தக் கைவேலையையும் 2018-ல் யுனெஸ்கோ தனியாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஸ்பெயினோடு கிரீஸ், இத்தாலி, சைப்ரஸ் போன்ற நாடுகளும் அதில் பங்காளிகள்.

கோர்க் பிளாவ் இன்னும் கொஞ்சம் தாழ்வில், செங்குத்தான பாறைகளுக்கு நடுவே. நடக்க வசதி குறைவு, பார்க்க அழகு அதிகம். இந்த அணைக்காக வரலாற்றுக்கு முந்தைய கால வழிபாட்டிடம் ஒன்று இருந்த சமவெளி நீரில் மூழ்கியது. அங்கிருந்த கல்தூண் ஒன்றைக் கரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குக் கல்லைவிட இயந்திரம்தான் கண்ணில் படும். கீழே இருக்கும் கோர்க் பிளாவின் தண்ணீரைப் பம்ப் வைத்து மேலே ஏற்றி, மலைச்சரிவை ஒட்டிய ஒரு திறந்த வாய்க்காலில் விட்டு, கூபெரில் சேர்க்கிறார்கள். நடைபாதையும் அந்த வாய்க்காலை ஒட்டியே போகிறது. ஊர் குடிக்கப்போகிற தண்ணீர் பக்கத்திலேயே ஓட, நாம் அதோடு நடக்கிறோம். அதில் யாரும் கால் நனைக்கவில்லை, பாட்டில் வீசவில்லை. அணையிலும் குளிக்கத் தடை. சா கலோப்ரா கடற்கரைக்குப் போகும் சுற்றுலாப் பேருந்துகள் இந்தப் பக்கமாகத்தான் போகின்றன. ஜன்னல் வழியாகப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், பாவம்.

அந்தத் தீவுக்கும் மழை பெரும்பாலும் நம் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான். கோடையில் வானம் காய்ந்து கிடக்கும், அதே நேரத்தில்தான் சுற்றுலாக் கூட்டமும் குவியும். 1995 முதல் 1997 வரை வறட்சி முற்றி, ஸ்பெயின் பெருநிலத்தின் தாரகோனாவிலிருந்து கப்பலில் குடிநீர் கொண்டுவந்து பால்மாவில் இறக்கினார்கள். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வில்லிவாக்கம்தான் ஞாபகம் வந்தது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ரயிலில் வந்து இறங்கியது எங்கள் பேட்டையில்தானே! கப்பலுக்குப் பிறகு அவர்கள் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டினார்கள். நாமும் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கட்டியிருக்கிறோம். அதுவரை இரண்டு ஊர் கதையும் ஒன்றுதான்.

வித்தியாசம் எங்கே என்றால், பால்மாவாசி தன் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைக்குக் காட்ட ஞாயிற்றுக்கிழமை ரொட்டியைக் கட்டிக்கொண்டு கூபெருக்குப் போய் நடக்கிறார். நீர்மட்டம் இறங்கினால் கரையில் வெளுத்த பாறை பட்டையாகத் தெரிகிறது, அதை அவரே கண்ணால் பார்க்கிறார். நமக்கோ நம் குடிநீர் ஏரிகளில் செம்பரம்பாக்கம் என்றால் 2015 டிசம்பர் வெள்ளப் பயம், பூண்டி என்றால் செய்தியில் வரும் ஓர் எண், புழல் என்றால் ஜெயில். என் பேரனிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். லாரியிலிருந்து என்றான்.

இங்கேயும் ஏரிக்கரையை மக்கள் நடக்கத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். பஜ்ஜிக் கடை வரும், பிளாஸ்டிக் தட்டு தண்ணீரில் மிதக்கும், செல்ஃபி எடுக்கப்போய் யாராவது விழுவார்கள். அங்கே வருகிற ஆள் எண்ணிக்கையையும் நம் கூட்டத்தையும் ஒப்பிடவே முடியாது. அதற்காக ஊரே தன் ஏரியைப் பார்க்காமல் இருப்பது சரியா? நீர்ப்பக்கம் வேலி, கரையில் மண்பாதை, உணவுக்கும் வண்டிக்கும் தடை, நுழைவுக்கு ஒரு சின்னக் கட்டணம், நீர்மட்டம் காட்டும் பெரிய அளவுகோல் ஒன்று, வெள்ள எச்சரிக்கை வந்தால் வாசலுக்குப் பூட்டு. இதற்குக் கோடிக்கணக்கில் அழகுபடுத்தும் திட்டமோ இசை நீரூற்றோ தேவையில்லை. தயவுசெய்து அதைப் போட்டுவிடாதீர்கள்.

மயோர்க்காவுக்குப் போகிற வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். கூபெரில் நிழலே இல்லை, குடிக்கத் தண்ணீர் கையோடு வேண்டும். மலைப் பேருந்து வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அப்புறம், பால்மாவிலிருந்து சோயெருக்கு 1912 முதல் ஓடும் மரப்பெட்டி ரயிலில் ஏறுங்கள். 13 சுரங்கங்கள், மீட்டர்கேஜைவிடக் குறுகலான தண்டவாளம். அதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

புழலுக்கு வருகிறேன். கரை முழுவதையும் கேட்கவில்லை. முதலில் ஒரு கிலோமீட்டரைக் காலை 6 மணி முதல் 9 மணி வரை மட்டும் திறந்து, ஒரு வருடம் பார்க்கட்டும். கொளத்தூர், அம்பத்தூர், வில்லிவாக்கம் ஆட்கள் வந்து நடப்போம். குப்பை சேர்ந்தால் மூடிவிடட்டும், நான் எதிர்த்துக் கடிதம் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.சி.எஃப். ஊழியர்,
வில்லிவாக்கம், சென்னை-49